ஸ்வர்ணலதா கப்பலில் வைத்த பாக்கி

ஆரணியில் பட்டுச் சேலை வியாபாரம் செய்கிறவர்கள் திருப்பதிக்குப் போவார்கள். கையில் நாலு காசு புரண்டால் காசிக்குப் போவார்கள். கப்பலில் உல்லாசப் பயணம் போனவர் என்று ஸ்வர்ணலதாவின் தெருவில் அதுவரை ஒருவரும் கிடையாது. அவள் போனாள். அதுவும் ஆசைப்பட்டுப் போகவில்லை.

டொரண்டோவில் இருக்கும் மகன் ஹேமநாத், தனக்கும் அம்மாவுக்கும் சேர்த்து டிக்கெட் போட்டிருந்தான். சென்னையில் ஏறி விசாகப்பட்டினம் வரை போய்த் திரும்பும் கப்பல். மூன்று வருஷத்துக்குப் பிறகு பிள்ளை வருகிறான் என்று ஸ்வர்ணலதா வீட்டுக்குச் சுண்ணாம்புகூட அடித்தாள். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது ஆபீசில் லீவு இல்லை என்றான்.

"பணம் திரும்ப வராதும்மா. நீயாவது போய்ட்டு வா. ஊட்ல தனியா உக்காந்துகினு இன்னா பண்ணப்போற?"

வீட்டில் தனியாக உட்காருவதற்கும் கடலில் தனியாக உட்காருவதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்க வாய் வரை வந்தது. செலவு செய்த பிள்ளையிடம் அதெல்லாம் கேட்க முடியுமா?

அவள் ஒன்றும் உலகம் தெரியாதவள் இல்லை. புருஷன் சுதாகர் மாரடைப்பில் போனபோது, இவள் கடையை மூடிவிட்டு மகனோடு போய்விடுவாள் என்று ஊரே சொன்னது. மகன் கூப்பிடவில்லை, இவளும் கேட்கவில்லை. கடையை மூடவில்லை. நெசவாளர்கள் வீட்டுக்குப் பாவும் பட்டும் ஜரிகையும் கொடுத்து, நெய்து வரும் சேலையை வாங்கி, காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஜரிகையைத் தொட்டே தரம் சொல்லும் வியாபாரிகள் ஊரில் நிறையப் பேர். ஸ்வர்ணலதாவின் கெட்டிக்காரத்தனம் அதில் இல்லை. மனிதர்கள் கையைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதில்தான் இருந்தது.

அதற்கு அவள் கையில் ஒரு வழக்கம் இருந்தது. அவள் கண்டுபிடித்ததில்லை, மாமனார் காலத்திலிருந்து வருவது. சேலையைக் கொண்டுவந்து கொடுத்தால் கூலியை முழுசாகத் தீர்க்கக் கூடாது. கொஞ்சம் நிறுத்திவைத்து, "மீதிய அடுத்த சேலைல பாத்துக்கலாம்" என்று சொல்ல வேண்டும். ஏமாற்றுவதற்காக இல்லை. அடுத்த முறை அது தவறாமல் போய்ச் சேரும், அப்போது வேறொரு மீதி நிற்கும். ஒரு நெசவாளியிடம் பைசா பாக்கியில்லாமல் எண்ணி வைத்தால், இனிமேல் நீ வேறு இடம் பார்த்துக்கொள் என்று அர்த்தம். அதை வாயால் சொல்ல வேண்டியதே இல்லை. பாக்கி நிற்கிறவரைக்கும் வாசலுக்கு ஆள் வரும். ஸ்வர்ணலதா வீட்டு வாசலுக்கு இப்போது வருகிறவர்கள் அப்படி வருகிறவர்கள் மட்டும்தான்.

கப்பல் அறையில் இரண்டு கட்டில் போட்டிருந்தார்கள். டிக்கெட் இருவருக்கானது என்பதால், அறையைப் பார்த்துக்கொள்கிற வடகிழக்கு மாநிலத்துப் பையன் இரண்டு படுக்கையையும் தினமும் தட்டிப் போட்டு, இரண்டு தலையணை மேலும் ஒவ்வொரு சாக்லேட் வைத்துவிட்டுப் போனான். முதல் நாள் ஸ்வர்ணலதா அதை வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டாள். சக்கரை வியாதிக்காரிக்குத் தினமும் இரண்டு சாக்லேட் சேர்ந்துகொண்டே போனது. மேல் தளத்தில் பாட்டுக் கச்சேரி, நீச்சல் குளம், குழந்தைகளின் கூச்சல். ஜோடி ஜோடியாகப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இவளிடம் போனை நீட்டி, "ஆன்ட்டி, ஒரு போட்டோ எடுங்களேன்" என்று கேட்டவர்கள் உண்டு. உங்களை ஒன்று எடுக்கட்டுமா என்று யாரும் கேட்கவில்லை. சுற்றிலும் அத்தனை தண்ணீரையும் அத்தனை ஜனத்தையும் வைத்துக்கொண்டு அவள் வாயைத் திறக்காமல் முதல் நாள் பகலைக் கழித்தாள்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக் கூடத்தில்தான் வாய் திறந்தது. அவளுக்கென்று ஒதுக்கிய மேஜையில், தட்டு நிறைய என்னவோ பச்சையாக வந்து உட்கார்ந்தது.

"இன்னாடா இது, பேஜார் புடிச்ச சோறு" என்று தனக்குள்தான் முணுமுணுத்தாள்.

பரிமாறிய பெண் தண்ணீர் ஜாடியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்துவிட்டாள். "மேடம், நீங்க வேலூர் பக்கமா?"

"ஆரணி."

"ஐயோ, நானு களம்பூருங்க. ஆரணி ரோடு ஸ்டேஷனாண்ட, ரைஸ் மில்லுக்குப் பின்னால."

பெயர் சசிகலா. முப்பதை நெருங்கும் வயசு, இறுக்கிக் கட்டிய கொண்டை, கறுப்புக் கோட்டு. செய்யாரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு போய்க்கொண்டிருந்தவள், கேட்டரிங் படித்துக் கப்பலுக்கு வந்துவிட்டாளாம். அஞ்சு வயசு மகள் களம்பூரில் அம்மாவிடம் வளர்கிறாள். இதெல்லாம் அந்த ஒரு சாப்பாட்டிலேயே தெரிந்துவிட்டது. ரசம் கிடைக்குமா என்று கேட்டதற்கு, எங்கிருந்தோ ஒரு கிண்ணத்தில் மிளகுத் தண்ணி மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, "ரசம்னு நெனச்சுகினு குடிச்சிருங்க பெரிம்மா" என்றாள்.

அந்தப் பெரிம்மாவில் ஸ்வர்ணலதா அடியோடு விழுந்தாள்.

அடுத்த நாளிலிருந்து அவளுடைய நாள் சாப்பாட்டு வேளைகளாலேயே நடந்தது. கூட்டமாக இருந்தால் சசிகலாவால் நின்று பேச முடியாது என்று கண்டுகொண்டு, எல்லோரும் எழுந்துபோகிற நேரமாகப் பார்த்துப் போனாள். பருக்கை பருக்கையாகச் சாப்பிட்டாள். காப்பியே குடிக்காதவள் காப்பி கேட்டாள், அது ஆறினதும் இன்னொன்று கேட்டாள். சசிகலா பக்கத்து மேஜைகளைத் துடைத்துக்கொண்டே பேசினாள். மகள் போனில் முகம் காட்டமாட்டேன் என்று அடம்பிடிப்பதைச் சொன்னாள். ஸ்வர்ணலதா ஹேமநாத் சின்ன வயசில் பண்ணிய சேட்டைகளைச் சொன்னாள். அதற்குப் பிந்திய கதைகள் அவளிடம் அதிகம் இல்லை.

டிப்ஸ் விவகாரத்தைக் கிளப்பியது சாவித்திரி. பக்கத்து மேஜைக்காரி, கோயமுத்தூர், ஏழெட்டு முறை கப்பல் ஏறி இறங்கியவள்.

"மொத நாளே பாதி குடுத்துரணுமுங்க. அப்பத்தான் விழுந்து விழுந்து கவனிப்பாங்க. மீதிய கடைசி நாள் குடுத்தாப் போதும்."

சாவித்திரியின் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. டிக்கெட்டிலேயே சர்வீஸ் சார்ஜ் பிடித்துவிட்டார்கள், எதற்குத் தனியாகத் தர வேண்டும் என்பது அவர் கட்சி. ஹேமநாத்திடம் வாட்ஸப்பில் கேட்டதற்கு, உடனே பதில் வந்தது. கடைசி ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கவரில் வைத்துக் கொடுக்க வேண்டும், முன்னால் கொடுத்தால் மரியாதை இல்லை, மறக்காதே. மூன்று நாளில் அவன் அனுப்பியதிலேயே நீளமான செய்தி அதுதான்.

ஸ்வர்ணலதா அறைக்குப் போய்க் கவரில் பணம் வைத்தாள். தாராளமாகவே வைத்தாள். கவரைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்க் கட்டிலைப் பார்த்து உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. கடைசி ராத்திரி, முழுப் பணம், கையோடு கை. இதைத்தானே அவள் ஊரில் வேண்டாத ஆளுக்குச் செய்வாள்? இதைக் கொடுத்துவிட்டால் சசிகலா வாங்கிக்கொண்டு போய்விடுவாள். அப்புறம் அவள் யாரோ, இவள் யாரோ. களம்பூருக்கும் ஆரணிக்கும் எவ்வளவு தூரம் இருக்கிறது, லீவில் வரும்போது ஒரு எட்டு வந்துபோக முடியாதா? வந்தால் மகளையும் கூட்டிக்கொண்டு வருவாள். அந்தச் சின்னதுக்கு ஒரு பட்டுப் பாவாடை எடுத்துவைக்கலாம். நினைக்க நினைக்க ஸ்வர்ணலதாவுக்கு அது ஆசையாக இல்லாமல் நிச்சயமாகவே ஆகிவிட்டது.

கடைசி ராத்திரிச் சாப்பாட்டில் சசிகலா மேஜையை ஒரு முறைக்கு மூன்று முறை துடைத்தாள். தண்ணீர் இருக்கிற டம்ளரிலேயே தண்ணீர் ஊற்றினாள். பிரிய மனசு வரவில்லை போலிருக்கிறது என்று ஸ்வர்ணலதாவுக்கு நெஞ்சு நிறைந்தது. மனுஷியை மனுஷி எவ்வளவு தப்பாகப் புரிந்துகொள்ள முடியும் பாருங்கள்.

"சசி, உனுக்குச் சேர வேண்டியத நான் இங்க குடுக்க மாட்டேன்" என்றாள், பெரிய பரிசை ஒளித்துவைத்தவள் மாதிரி சிரித்துக்கொண்டு. "பாக்கியா நிக்கட்டும். ஊருக்கு வரும்போது பொண்ணக் கூட்டிகினு ஆரணிக்கு வா. நம்ம ஊட்ல சாப்ட்டுட்டு வாங்கிகினு போ."

சசிகலாவின் கை துணியோடு அப்படியே நின்றது. முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் அது கோட்டுப் போட்டவர்கள் எல்லோரும் போட்டுக்கொள்கிற சிரிப்பு.

"சரிங்க மேடம்" என்றாள்.

தட்டை எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி வரவில்லை. கிண்ணத்தை எடுக்க வேறொருத்தன் வந்தான். ஸ்வர்ணலதா அறைக்கு வந்து படுத்தாள். மேடம் என்றாளே என்று முதலில் யோசித்தாள். பக்கத்தில் மேலதிகாரி யாராவது நின்றிருப்பான் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் தூக்கத்துக்குப் போதவில்லை.

மறுநாள் சென்னைத் துறைமுகம் தெரியத் தொடங்கியதும் எல்லோரும் பெட்டியோடு வரிசையில் நின்றார்கள். சாவித்திரி கேட்டாள், "அந்தப் புள்ளைக்குக் குடுத்துட்டீங்களாங்க?"

"இல்ல. ஊருக்கு வரச்சொல்லி இருக்குறேன். அங்க வந்து வாங்கிப்பா."

சாவித்திரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "என்னுங்க நீங்க, அவங்களுக்குச் சம்பளமே பாதி அதுதானுங்க. ஊருக்கு வா, அப்புறம் தர்றேன்னா, இல்லைன்னு சொல்றதுக்கு நாசூக்கான பேச்சுன்னுதான நெனப்பாங்க?"

ஸ்வர்ணலதாவுக்கு முகம் எரிந்தது. அவள் ஆயுசில் யாருடைய கூலியையும் தின்றதில்லை. சொல்லப்போனால் அவளை யாரும் அப்படி நினைத்ததுகூட இல்லை, ஊரில் எல்லோருக்கும் அந்தப் பாக்கியின் அர்த்தம் தெரியும்.

இறங்குகிற வழியில் சாப்பாட்டுக் கூடத்து ஆட்கள் வரிசையாக நின்று வழியனுப்பினார்கள். முன்னால் போன சாவித்திரி ஒரு கவரை நீட்டினாள். சசிகலா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "அடுத்த வாட்டி வந்தா நம்ம டேபிளுக்கே வாங்க பெரிம்மா" என்றாள்.

அது ஸ்வர்ணலதாவின் காதில் நன்றாகவே விழுந்தது. களம்பூர்க்காரி கோயமுத்தூர்க்காரியையும் பெரிம்மா என்கிறாள். அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அது நல்ல சொல், நாலு பேருக்குச் சொல்லலாம். அப்படித்தான் தன்னையே அதட்டிக்கொண்டாள். கண் கேட்கவில்லை.

அவள் பையைத் திறந்து கவரை எடுத்தாள். "இந்தாம்மா. நேத்தே குடுத்துருக்கணும். என் புத்திய இன்னா சொல்றது."

சசிகலாவுக்குக் கவரின் கனம் கையிலேயே தெரிந்திருக்கும். முகம் நிஜமாகவே மலர்ந்தது. கொஞ்சம் வெட்கமும் வந்தது.

"தப்பா நெனச்சுக்கினேன் பெரிம்மா" என்றாள் தணிந்த குரலில். அப்புறம், இந்த அம்மாளிடம் பொய் சொல்ல வேண்டாம் என்று தோன்றியதோ என்னவோ, "நான் எங்க ஆரணிக்கு வரப்போறேன், சொல்லுங்க. லீவுல போனா எம் பொண்ணு என்ன அடையாளம் கண்டுகினு பக்கத்துல வர்றதுக்குள்ள திரும்பக் கெளம்புற நாள் வந்துருது. யாரு ஊட்டுக்கும் போறதில்ல."

"சரிதாம்மா. நீ உன் கொழந்தையப் பாரு" என்றாள் ஸ்வர்ணலதா. மனசாரத்தான் சொன்னாள். பின்னால் நின்றவர்கள் பெட்டியை நகர்த்தினார்கள். அவளும் நகர்ந்தாள்.

ஆரணி பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. ஆற்காடு தாண்டும்போது ஹேமநாத் கூப்பிட்டான். அங்கே அவனுக்கு இன்னும் விடிந்திருக்காது, அம்மாவுக்காகச் சீக்கிரம் எழுந்திருக்கிறான். நல்ல பிள்ளைதான்.

"எப்டிம்மா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுப்பா. கடல் பெருசா இருந்துச்சு."

"சாப்பாடெல்லாம்?"

"ரசம்கூடக் குடுத்தாங்க."

"டிப்ஸ் குடுத்தியா, மறந்துட்டியா?"

"குடுத்தேன். எறங்கும்போது, முழுசா."

"கரெக்ட்டும்மா. அப்பதான் குடுக்கணும்."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள். பிறகு, நாளெல்லாம் மனசில் வைத்திருந்ததைக் கேட்டாள். "தைக்காவது வருவியாடா?"

"இந்த வருஷம் எப்டிம்மா முடியும்?" என்றான் ஹேமநாத். குரலில் எரிச்சல்கூட இல்லை, கணக்குச் சரியாக இருக்கிறவனின் நிம்மதிதான் இருந்தது. "அதான் உன்ன கப்பல்ல அனுப்பிச்சுட்டேனே."

"ஆமாம்பா, அனுப்பிச்சுட்ட" என்றாள் ஸ்வர்ணலதா.

அவன் வைத்துவிட்டான். மாசம் பிறந்தால் பணம் அனுப்புவான், பிறந்தநாளுக்குப் புடவை, இப்போது கப்பல். எதிலும் ஒரு நாள் தவறியதில்லை. அவளுக்கு அவன் எதுவுமே பாக்கி வைக்கவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு, ஆற்காட்டில் ஏறியவர்களுக்கு டிக்கெட் போட்டுக்கொண்டு வந்த கண்டக்டர் பார்ப்பதையும் பொருட்படுத்தாமல் அவள் அழுதாள்.