ரிவர்ஸ் என்ற பெயர் ஏழுமலையுடையது அல்ல

ஏழுமலை செத்த சேதி எனக்கு ஒரு பேனர் படமாக வந்தது. திண்டிவனத்தில் என் கடையில், ஒரு ரேடியேட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தேன். போனைத் திறந்தால் மாலைக்கு நடுவில் அவன் முகம். கீழே பெரிய எழுத்தில் ‘ரிவர்ஸ் ஏழுமலை, மெக்கானிக், விழுப்புரம்’. சிரித்துவிட்டேன். அந்தப் பெயரை வைத்தவனே நான்தான். பிறகுதான் மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று இருந்ததைப் பார்த்தேன்.

பேனர் அடித்த மெக்கானிக் தம்பிகளே, உங்கள் மேல் எனக்குக் கோபம். என் மேல் அதைவிடக் கோபம். எல்லாரையும்விட அவன் மேல். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

நாங்கள் நாற்பது வருஷம் ஒருவனை ஒருவன் திட்டிக்கொண்டே பிழைத்தோம். அவன் ஒழுகும் ரேடியேட்டரைக் கழற்றி பஸ்ஸில் ஏற்றிவிட்டு போன் செய்வான். “யோவ் தணிகாசலம், உன் மருமக வந்துக்கினு இருக்கா. கண்டக்டர் பக்கத்துல குந்தியிருக்கா, எறக்கிக்கோ.” நான் பற்றவைத்துத் திருப்பி அனுப்புவேன். ஒயரை ஒட்டவேண்டி வந்தால் பச்சை டேப்தான் சுற்றுவேன். எல்லாரும் கறுப்பு சுற்றுவார்கள்; என் வேலை தனியாகத் தெரியவேண்டும் என்ற திமிர் எனக்கு.

எட்டு வருஷத்துக்கு முன் அப்படி வந்ததுதான் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் ரேடியேட்டர். ரெண்டே கதவு, தரையோடு தரையாகப் போகும் பழைய வண்டி. ஓய்வுபெற்ற கல்லூரி வாத்தியார் ஒருவருடையது. ரேடியேட்டரோடு அதன் ஃபேனும் சேர்ந்தே வந்தது. ஃபேனின் பிளக் இற்றுப்போயிருந்ததால் ஒயரை வெட்டி, புதுப் பிளக் ஒட்டி, டேப் சுற்றி அனுப்பினேன். ஏழுமலை வண்டியில் மாட்டினான். மறுநாளே வாத்தியார் கொதித்துக்கொண்டு வந்தார். வண்டியும் கொதித்தது.

அந்தக் கொதிப்பு யாருக்கும் பிடிபடவில்லை. பைபாஸில் வேகமாகப் போனால் சூட்டு முள் அடங்கி நிற்கும். நிறுத்தி ஓடவிட்டாலும் அவ்வளவாக ஏறாது. ஊருக்குள் ஷேர் ஆட்டோ பின்னால் மெதுவாக ஊர்ந்தால் மட்டும் சிவப்பைத் தொடும். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறி என்றார். இன்னொருவர் இன்ஜினையே பிரி என்றார்.

ஏழுமலை எதையும் பிரிக்கவில்லை. “பிரிச்சிட்டா வண்டி பேசாது. கேட்டுட்டுப் பிரி” என்பான். ரெண்டு நாள் வாத்தியாரோடு அந்த வண்டியில் சும்மா சுற்றினான். மூன்றாம் நாள் பட்டறையில் வண்டியை ஓடவிட்டு, “சாமி படத்துக்கிட்ட கீற ஊதுபத்திய எடுத்தா” என்று பெண்டாட்டி அலமேலுவிடம் கேட்டான். அதை வண்டியின் மூக்குக்கு முன்னால் பிடித்தான். புகை உள்ளே போகவேண்டும். அது வாத்தியார் முகத்துக்கு வந்தது. ஃபேன் காற்றை இழுக்காமல் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. வேகமாகப் போனால் எதிர்க்காற்று ஜெயிக்கிறது. மெதுவாகப் போனால் ரெண்டும் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

“ஃபேன் ரிவர்ஸ்ல சுத்துது சார். ஒயரு மாறிப்போச்சு. நான்தான் மாத்திக் குடுத்துட்டேன்” என்றான்.

வாத்தியார் விடுவாரா? ஊர் பூராவும் சொன்னார். பழைய கார் வைத்திருந்தவர்கள் அவன் பட்டறைப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். நான் சும்மா இருந்தேனா? அடுத்த கல்யாணத்தில், பந்தியில், எல்லார் எதிரிலும் கேட்டேன். “இன்னா ரிவர்ஸு, எலைய எந்தப் பக்கம் போடணும்னாவது தெரியுமா?” மொத்தப் பந்தியும் சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டு, “நீ சாப்புடுயா, பேஜாரு பண்ணாத” என்றான். அன்றிலிருந்து அது அவன் பெயர்.

சாவு வீட்டில்கூட பேனரைக் காட்டி ஒருவன் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். நானும் அடி எடுத்துக்கொடுத்தேன். அலமேலு எழுந்து வந்தாள்.

“அண்ணே, போதும். அந்த ஒயரு மேல பச்ச டேப்பு இருந்துச்சு. நான்தான் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேனே.”

அது என் டேப்.

“அப்பவே சொல்லியிருக்கலாமே, தங்கச்சி.”

“வுடலையே அந்த ஆளு. ‘தணிகாசலத்துக்குக் கண்ணு மங்கிப்போச்சு, கறுப்பும் நீலமும் ஒண்ணாத் தெரியுது. வெளிய தெரிஞ்சா ஒருத்தனும் அவன் கடைக்கு வரமாட்டான். நீ வாயத் தெறக்காத’ன்னு சத்தியம் வாங்கிக்கினாரு. ஆளே பூட்டாரு. இனிமே இன்னா சத்தியம்?”

உண்மைதான். அப்போது எனக்குக் கண்ணில் புரை. ஒருவரிடமும் சொல்லாமல் தடவித் தடவி வேலை செய்துகொண்டிருந்தேன். சிவப்புக் கார் போன மறு வாரமே அவன் என்னை ஒலக்கூர் கண் முகாமுக்குப் பிடித்து இழுத்துப் போனான். “போன வாரம் என் மூஞ்சி நல்லாக்கீதுன்னியே, அப்பவே தெரிஞ்சிக்கினேன் உன் கண்ணு காலின்னு” என்று வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் சொன்னான். கேலி செய்கிறான் என்று நினைத்து நானும் திருப்பிக் கேலி செய்தேன். எனக்குப் பார்வை வந்தது. தெளிந்த கண்ணோடு எட்டு வருஷம் அவனை ரிவர்ஸ் என்று கூப்பிட்டேன்.

யார் கேட்டது இவனை? என் தப்பை இவன் எதற்குத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டான்? ஒரு நாள், ஒரே ஒரு நாள், தனியாகக் கூப்பிட்டு “அது உன் வேலைடா முண்டம்” என்று சொல்லியிருந்தால், காலில் விழுந்திருக்கமாட்டேன், ஆனால் வாயையாவது மூடியிருப்பேன். என்னிடம் திட்டு வாங்காமல் தப்பித்துப் போய்விட்டான். சண்டைபோட ஆள் இல்லாமல் நிற்கிறேன்.

அன்றே பேனரைக் கீழே இறக்கச் சொன்னேன். “பெருசு, காரியம் முடியட்டும்” என்றீர்கள். நானே ஏறினேன். எழுபத்திரண்டு வயதில் ஏணியில் ஏறி, அந்த ஒரு வார்த்தையின் மேல் பச்சை டேப் ஒட்டினேன். ரெண்டு சுற்று தேவைப்பட்டது. இந்த முறை கண் நன்றாகத் தெரிந்தது.

அவன் ஸ்பேனர் செட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னாள் அலமேலு. வேண்டாம் என்றேன். அவனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். இனிமேல் ரிவர்ஸ் என்றால் அது திண்டிவனம் தணிகாசலம். கல்யாணமோ சாவோ, எங்கே பார்த்தாலும் சத்தமாகக் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்ப்பேன்.