புள்ளி வந்து சேரட்டும்

என் கணவர் ஆரோக்கியசாமி கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருடம் அளவு பார்த்தவர். கேஜ் என்கிற அளவுக்கருவியில் சரியாக உட்காராத உருப்படியை, மயிரிழைதான் பிசகு என்றாலும், ஒதுக்கிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் ஓயவில்லை. வீட்டுக் காலண்டரை நாளுக்கு இருமுறை நேர் செய்வார்.

சர்க்கரை கூடியதால் டாக்டர் நடக்கச் சொன்னார். பெங்களூரிலிருந்து வந்த மகள் ஜெனிபர் அவர் போனில் ஒரு ஆப் போட்டுக்கொடுத்தாள். நடந்த வழியெல்லாம் வரைபடத்தில் சிவப்புக் கோடாக விழும். இரண்டே வாரத்தில் இவர் அந்தக் கோட்டால் படம் வரைய ஆரம்பித்துவிட்டார். கட்கி பஜாரைச் சுற்றி ஒரு கோழி. நிக்டியில் தெருக்கள் கட்டம் கட்டமாக இருப்பதால் அங்கே ஒரு யானை.

சாட்டிலைட் சில நேரம் பின்தங்கும். திருப்பம் வந்தால் நின்று, திரையில் புள்ளி தன் காலடிக்கு வரும்வரை நகரமாட்டார். "புள்ளி வந்து சேரட்டும்" என்பார். பின்னால் ரிக்‌ஷாக்காரன் ஹார்ன் அடித்தாலும் காதில் விழாது. எனக்கு அது முதலிலிருந்தே பிடிக்கவில்லை.

யானைத் தந்தத்துக்கு வழியில்லாமல் ஒரு சுவர் தடுத்தது. ஆப்பை நிறுத்திவிட்டு, சுவரைச் சுற்றிப்போய், அந்தப் பக்கம் மறுபடி தொடங்கினார். இடைவெளியில் அதுவே நேர்க்கோடு போட்டுக்கொண்டது. ஞாயிறு பூசை முடிந்து எல்லாருக்கும் படத்தைக் காட்டியபோது நான்தான் சிரித்தேன்: "யானை நெசம், கொம்பு மட்டும் பொய்." எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் ஆப்பை இடையில் நிறுத்தவே இல்லை.

எங்கள் முப்பதாவது திருமண நாளுக்குத் தோணி ஒன்று வரைவதாகச் சொன்னார். நான் தூத்துக்குடிக்காரி. காகிதத்தில் போட்டுக் காட்டியபோது பாய்மரம் ரயில் பாதையைக் குறுக்கே வெட்டிப் போனது.

"இந்த எடத்துல தண்டவாளம் இருக்கே. பாலம் ஏறித்தான போவிய?"

"பாலம் அந்தக் கோடியில இருக்கு ஜோசபின். சுத்திப் போனா மரத்துக்குக் கூன் விழுந்துடும்."

"விழட்டும். காத்துல வளைஞ்ச மரம்னு வச்சுக்கிடுவோம்."

"ரிஜெக்ட் மால்."

"அப்ப நிறுத்திட்டு அந்தப் பக்கம் போயித் தொடங்குங்க."

"பொய்க் கொம்பு மாதிரியா?" என்று கேட்டுவிட்டுக் காகிதத்தை மடித்தார். "அரே, ரெண்டு நிமிஷ வேலை. ஊரே அங்கதான் தாண்டுது."

உடனே ஜெகதீசனுக்குப் போன் செய்து, இவரைத் தனியாக விடாதீர்கள் என்றேன். அவர் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர், அதே பிரிவில் வேலை பார்த்தவர். "கவலைப்படாதீங்கண்ணி, இழுத்துக்கிட்டாவது பாலத்துல ஏத்துறேன்" என்றார்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு இருவரும் கிளம்பினார்கள். பனி மூடியிருந்தது. ஏழு மணிக்கு இட்லி ஆவியில் இருந்தபோது ஒரு லோகல் ரயில் விடாமல் ஹார்ன் அடிப்பது கேட்டது. சத்தம் நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. அடுப்பை அணைத்தேன்.

ஜெகதீசன் பிறகு சொன்னார். எவ்வளவு கெஞ்சியும் இவர் கேட்கவில்லை. கோபத்தில் ஜெகதீசன் மட்டும் பாலம் ஏறிப்போய் எதிர்ப்பக்கம் நின்றார். இவர் முதல் பாதையைத் தாண்டி, இரண்டாவதின் நடுவில் நின்றுவிட்டார். போனைப் பார்த்தபடி ஒரு கையைத் தூக்கி, பொறு என்று காட்டினார். ஜெகதீசன் கத்தியது அவர் காதுக்கு எட்டவில்லை.

மருத்துவமனையில் போலீஸ்காரர் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார். உள்ளே அவர் போன். கண்ணாடி விரிசல் விட்டிருந்தது, ஆனால் ஆப் ஓடிக்கொண்டிருந்தது. பாய்மரம் பாதியில் முடிந்து, அங்கிருந்து கோடு பெரிய சாலைக்கு இறங்கி, ஆம்புலன்ஸ் வந்த வழியே மருத்துவமனை வரை நீண்டிருந்தது. பிணவறை இருந்த பின்கட்டுக்கு நான் நடக்க நடக்க அது என்னோடும் வளர்ந்தது.

"நிறுத்திடவா, அண்ணி?" என்று ஜெகதீசன் கை நீட்டினார்.

வேண்டாம் என்றேன். ராத்திரி போனைச் சார்ஜில் போட்டு, மறுநாள் கல்லறைத் தோட்டத்துக்கும் அதை எடுத்துப் போனேன். மண் போட்டு முடித்து, கேட்டுக்கு வெளியே வந்த பிறகுதான் நிறுத்தினேன்.