திரும்பி நின்ற மு

என் தங்கையின் கணவர் கட்டிய முதல் படகில் 'மு' என்ற எழுத்து இடவலம் மாறி, கண்ணாடியில் பார்ப்பதுபோல நின்றது. 2005 ஆடி மாதம். ஆடி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் கூழ் ஊற்றிய ஞாயிறு அது. கையில் கூழ்ச் சொம்போடுதான் அவர் பட்டறைக்குப் போனேன்.

அதுவரை மாப்பிள்ளை தண்ணீர்த் தொட்டி செய்துகொண்டிருந்தவர். அச்சுக்குள் ஃபைபர் துணியைப் பரப்பி, பிசின் பூசி, இறுகியதும் பெயர்த்தெடுக்கும் வேலை. சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் படகு கேட்டார்கள். எதிர் வீட்டு சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், தாகித்தித் தீவில் தான் பார்த்த படகைக் காகிதத்தில் வரைந்து காட்டினார். ஒல்லியான உடல், ஒரு பக்கமாக நீளும் இரண்டு கழிகள், கழிகளின் நுனியில் ஒரு மிதவை. டீசல் வேண்டாம், ஒற்றை ஆள் துடுப்புப் போட்டால் போதும், கவிழாது.

காகிதத்தில் கவிழாதது நம் கடலில் கவிழ்ந்தது. கரையோரத்தில் இங்கே அலை செங்குத்தாக எழும். மாப்பிள்ளை மூக்கை உயர்த்தினார், மிதவையைக் குறுக்கினார், மறுபடி கடலில் விழுந்து எழுந்தார். பல மாதம் பட்ட பாட்டுக்குப் பிறகு ஒரு வடிவம் நின்றது. கரையில் அதற்கு 'கை வச்ச போட்டு' என்று பெயராயிற்று.

முத்தியால்பேட்டைக்கு மு என்று சொல்லி, மரத்தில் எழுத்தை வெட்டி அச்சின் உள்பக்கம் நேராக ஒட்டியிருந்தார். அச்சில் நேராக இருப்பது படகில் திரும்பித்தானே வரும்?

"ஏங்க, போட்டு வாங்கறவங்களுக்குக் கூடவே ஒரு கண்ணாடி குடுப்பீங்களா?" என்றாள் தங்கை.

நான் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவன். ஈய எழுத்துக் காலத்திலிருந்து திரும்பிய எழுத்தோடு வாழ்ந்தவன். "ரப்பர் ஸ்டாம்பு பார்த்ததில்லையா மாப்ள?" என்று கேட்டேன்.

"மீனுக்குப் படிக்கத் தெரியாது, உடுங்க மச்சான்" என்றார்.

திருத்தவில்லை. தப்பு என்று ஒத்துக்கொள்வது அவர் சுபாவம் இல்லை. வைத்திக்குப்பத்திலிருந்து கனகசெட்டிக்குளம் வரைக்கும் கரை முழுக்க அந்தத் திரும்பிய மு மெல்ல அவருடைய அடையாளமானது. இன்னொன்றிலும் அவர் பிடிவாதக்காரர். கழிகளைப் படகோடு நைலான் கயிற்றால்தான் கட்டுவார், போல்ட் போடமாட்டார். அலை அடிக்கும்போது கழி கொஞ்சம் அசைய வேண்டும், அசைய விடாவிட்டால் முறியும் என்பது அவர் கணக்கு. பார்வைக்குக் கட்டு அழகாக இருக்காது.

2007 மாசி மகம். சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்திருந்த கூட்டத்தில், வைத்திக்குப்பம் கரையில் புதிதாக ஒரு கை வச்ச போட்டைப் பார்த்தேன். கழிகளில் போல்ட் பளபளத்தது. மு நேராக இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்குப் போனதும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன்: "ஒருவழியா எழுத்தைத் திருத்திட்டீங்களே மாப்ள!"

பிசைந்த கை தட்டிலேயே நின்றுவிட்டது. "நான் ஒண்ணும் திருத்தலையே."

மறுநாள் காலை இருவரும் போனோம். அவர் குனிந்து, படகின் மூக்குக்கு அடியில் தடவினார். கட்டைவிரல் பதியும் அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. அச்சு எடுப்பதற்காக அவர் முதலில் செய்த மர மாதிரியில் உளி தவறி விழுந்த பள்ளம்; அவருடைய எல்லாப் படகிலும் உண்டு. யாரோ அவர் படகு ஒன்றை வாங்கி, அதன் மேலேயே புது அச்சு எடுத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தப்பாகத் தெரிந்த இரண்டை மட்டும் சரிசெய்திருக்கிறார்கள்: எழுத்து, கயிறு.

தெற்கே எங்கோ ஒரு பட்டறை என்று மட்டும் தெரிந்தது. வக்கீல் ஒருவரைப் பார்த்தோம். விற்பனைக்கு விடுவதற்கு முன்பே வடிவத்தைப் பதிவு செய்திருக்க வேண்டுமாம். "நீங்களே தாகித்தி போட்டைப் பார்த்துத்தானே செஞ்சீங்க?" என்றும் கேட்டார். மாப்பிள்ளை எழுந்து வந்துவிட்டார். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் என்ன என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அவர் கடலில் விழுந்த மாதங்கள்தான் பதில் என்று தோன்றும். அதை எந்த ஆபீசில் பதிவு செய்வது?

அந்த வருஷ மீன்பிடித் தடைக்காலத்தில், முன்பே சொல்லிவைத்திருந்த கனகசெட்டிக்குளத்துக்காரர் ஒருவர் படகை எடுத்துப் போக வந்தார். சுற்றிவந்து பார்த்தவர் எழுத்தருகே நின்றார்.

"மேஸ்திரி, இது டூப்பு."

"எதுய்யா டூப்பு?"

"எழுத்து தப்பா இருக்குது பாருங்க. ஒரிஜினல்ல நேரா இருக்கும். போல்ட்டு போட்டிருக்கும். நீங்க கயிறு கட்டி உட்டிருக்கீங்க."

"யோவ், ஒரிஜினலே நான்தான்யா!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு, வந்தவர் வண்டியைத் திருப்பினார்.

அச்சில் எழுத்தைத் திருத்திவிடலாம் என்றாள் தங்கை. திருத்தினால் அதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லாமல் போய்விடும் என்றேன் நான். மாப்பிள்ளை எங்கள் இருவர் மேலும் பாய்ந்தார்: "தப்பா இருந்தா டூப்பு. சரியா இருந்தா அவனுது. நான் எங்க போறது?"

ஐப்பசியில் ஒரு டெம்போ பட்டறை வாசலில் நின்றது. நாலு பேர் இறங்கி, கை முறிந்த படகு ஒன்றை வாசலில் தள்ளினார்கள். அலையில் கழி முறிந்து, ஓட்டிய பையனுக்குத் தோள் எலும்பு போய்விட்டதாம். அவனுடைய அண்ணன்தான் முன்னால் நின்றார்.

"மு-ன்னா முத்தியால்பேட்டதானே? வெளிய வாய்யா!"

மாப்பிள்ளை அவரை உள்ளே கூட்டிப்போய்ப் பாதி முடிந்த தன் படகைக் காட்டினார். இங்கே எழுத்து திரும்பியிருக்கிறது, அங்கே நேராக இருக்கிறது. அது தன் வேலை இல்லை என்றார். அந்த ஆள் குனிந்து எழுத்தைப் பார்த்தார்.

"அப்போ ஒங்களுதுதான் டூப்ளிகேட்டு. ஒரிஜினலுக்கே இந்தக் கதின்னா, ஒங்க போட்டுல ஏறனவன் என்னா ஆவறது?"

கூட வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். மாப்பிள்ளை கத்துவார் என்று நான் பயந்தேன். அவர் வாசலுக்கு வந்து, போல்ட் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். விரிசல் அங்கிருந்துதான் ஓடியிருந்தது. உள்ளே போய்ப் புதுக் கழியும் கயிறும் எடுத்து வந்து, போல்ட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டுக் கட்ட ஆரம்பித்தார்.

"ஒங்களுது இல்லன்றீங்க. அப்புறம் எதுக்குக் கட்டறீங்க?"

"நாளைக்கு இன்னொருத்தன் உழுந்தாலும் இங்கதானே கொண்டாந்து போடுவீங்க" என்றார், தலை நிமிராமல்.

அதற்கப்புறம் வந்தார்கள். புதுப் படகு கேட்டு இல்லை. போல்ட்டைக் கழற்றிக் கயிறு கட்டித் தரச் சொல்லி. தன் படகின் நகல்களைச் சரிசெய்வதே அவருக்குத் தொழிலாயிற்று. அச்சு சுவரோரம் சாய்ந்தது. தங்கை அதன்மேல் துணி காயப் போட ஆரம்பித்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவளைப் பயமுறுத்தியது. "சண்டை போடற மனுசன்ணே இவரு" என்று என்னிடம் அழுதாள்.

2009 மாசி மகம். அதே கரை, அதே கூட்டம். புத்தம் புதிதாக ஒரு கை வச்ச போட்டு நின்றது. கழிகளில் நைலான் கயிறு. மு திரும்பியிருந்தது. ஒரு நிமிஷம் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அச்சு சுவரோரம் கிடந்ததையும் மறந்து, யாரோ இவரிடம் வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். மாப்பிள்ளை அருகே போனார்.

"இது என்னுதா மச்சான்?" என்று என்னைக் கேட்டார். தான் செய்ததா என்று அவர் இன்னொருவரைக் கேட்டு நான் பார்த்தது அன்றுதான்.

மூக்குக்கு அடியில் தடவினார். பள்ளம் இருந்தது. இருக்கத்தானே செய்யும். பிறகு கயிற்றுக்கட்டின் ஓரத்தை விரலால் விலக்கிப் பார்த்தார். அடியில் போல்ட் மின்னியது. கயிறு அதை மூடத்தான் சுற்றப்பட்டிருந்தது.

கயிற்றைப் பழையபடி இழுத்து மூடினார். ஈர மணலில் முழங்காலூன்றி, கழி படகோடு சேரும் இடத்தை அழுத்திப் பார்த்தார்.

"வர்ற ஐப்பசி தாங்காது. இதுவும் என்கிட்டதான் வரும். ஓட்டற ஆளும் உசுரோட வரணும்."