புதன்கிழமை நான் திருத்திய கதை

2024 பிப்ரவரி 12, திங்கட்கிழமை, மாலை ஆறு மணி ஐம்பத்தெட்டு நிமிடம். காற்று இல்லை. அறுவடை நடந்த வயல்களிலிருந்து வந்த தூசு தெருவிளக்கைச் சுற்றியே நின்றது. என் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இரண்டு நாள் முன்புதான் தஞ்சாவூரில் அவளுக்கு வலது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். இடது கண் அதைவிட மங்கல். ஒரு வாரம் டிவி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏழு மணிக்கு அவளுடைய சீரியல்.

"நீங்க பார்த்துச் சொல்லுங்க. கதைய மட்டும்," என்றாள்.

சீரியல்களைப் பற்றிய என் அபிப்பிராயம் அவளுக்குத் தெரியும். விளம்பரம் போக இருபத்தோரு நிமிடம். ஒருவர் பேசியதற்கு மற்றவர்கள் முகத்தை மாற்றி மாற்றிக் காட்டுவதிலேயே எட்டு நிமிடம் போய்விடும். சினிமா இதற்குப் பரவாயில்லை என்றும் சொல்ல மாட்டேன். சினிமாவில் நாற்று நடுகிற பெண்கள் முன்னால் நடந்துகொண்டே நடுகிறார்கள். நட்டதையெல்லாம் மிதித்துக்கொண்டா போவார்கள்? என் அம்மா பின்னால் நகர்ந்துதான் நட்டாள்.

திங்களும் செவ்வாயும் ஒழுங்காகவே சொன்னேன். புதன்கிழமை, கதாநாயகியிடம் அவள் சித்தப்பா வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி, கதைப்படி மறுநாளே பத்திரத்தை ஆட்டிக் காட்டினார். நிலம் அவர் பேருக்கு மாறிவிட்டதாம். முப்பத்தொரு வருடம் தாலுகா ஆபீசில் இருந்தவன் நான். வில்லங்கம் பார்க்காமல் ஒரே நாளில் பட்டா மாறுமா? என் பெற்றோர் ஊரார் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். நாங்கள் வாங்கிய மூன்று மா நிலத்துக்கு, ஒரு ஏக்கர்தான், பட்டா மாற்ற, அதே ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே பதினான்கு மாதம் அலைந்தேன்.

"என்னாச்சு? நிலம் போயிடுச்சா?"

அவள் குரல் கம்மியது. அழுதால் கண்ணுக்கு ஆகாதே என்று பயந்துவிட்டேன்.

"தாசில்தார் ஒத்துக்கல. மனுவத் தள்ளிட்டாரு."

"சீரியல்ல ஏது தாசில்தாரு?"

"இன்னைக்குத்தான் புதுசா வந்தாரு."

மறுநாள் காலை பக்கத்து வீட்டுப் பெண் இட்லியோடு வந்தாள். "பாவி, நிலத்தப் புடுங்கிட்டானேக்கா!"

"உங்க மாமா நேத்தே திருப்பிக் குடுத்துட்டாரே," என்றாள் என் மனைவி.

"மாமாவா? அப்ப எங்க கொல்லைத் தகராறையும் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்க!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தப் பெண் போன பிறகு என் மனைவி சிரிக்கவில்லை.

"கண்ணு சரியாத் தெரியாமப் போச்சுன்னா, இனிமே எல்லாத்தையும் இப்படித்தான் சொல்லுவீங்களா?"

அன்றிலிருந்து சனிக்கிழமை வரை நடந்ததை நடந்தபடியே சொன்னேன். அபிப்பிராயம் வேண்டுமென்றால் அவளே கேட்பாள் என்று ஏற்பாடு. மூன்று நாளில் இரண்டு தடவை கேட்டாள்.

அடுத்த திங்கள் டாக்டர் சுவரில் மாட்டிய அட்டையைப் படிக்கச் சொன்னார். மொத்தம் ஏழு வரி. மூன்றாவது வரியில் கொஞ்சம் தயங்கினாள். பிறகு ஆறாவது வரை படித்துவிட்டாள். டிவி பார்க்கலாம் என்றார் டாக்டர்.

திரும்பும்போது பஸ்ஸிலேயே ஆரம்பித்தாள். "அந்தப் புதன்கிழமையப் போடுங்க. நானே பார்க்கணும்."

செல்போனில் பார்க்கச் சந்தா கேட்டது. ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டினேன். சித்தப்பா பத்திரத்தை ஆட்டும் இடத்தில் அவள் படத்தை நிறுத்தினாள்.

"ஏங்க, இந்தப் பத்திரத்துல முத்திரையே இல்லையே!"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். இல்லைதான். வீட்டில் அத்தனை பெரிய திரையில் பார்த்தும் என் கண்ணில் படாதது, உள்ளங்கை அகலத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்க சொன்ன தாசில்தாரு இருந்திருந்தா கண்டுபிடிச்சிருப்பாரு," என்றாள். "அடுத்த கண்ணு எப்பவாம்?"

"ஏப்ரல்ல வரச் சொன்னாங்க."

"அப்ப என்னத்துக்கு ஒரு மாசத்துக்குக் கட்டுனீங்க? நீங்க சொல்றத அப்பவும் நான் சரிபார்க்கணும்ல? வருஷத்துக்கே கட்டுங்க."

மாதத்துக்குக் கட்டியதைக் கழித்துக்கொள்ள மாட்டார்களாம். தொண்ணூற்றொன்பதும் நானூற்றுத் தொண்ணூற்றொன்பதும் சேர்ந்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு ரூபாய்.