பதினோரு நிமிடம் கை தூக்காமல்

காலம் நகர்வதைப் பற்றி ஆர்கெஸ்ட்ராவுக்கு இசை எழுதுகிறேன் பேர்வழி என்று ஆறு வருஷத்தைத் தின்று தீர்த்தவன் நான். சிட்லபாக்கம் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர். நாற்பது பேர் வாசிக்க வேண்டியதை அது ஒன்றே வாசித்துக் காட்டும். கேட்க ஒரே ஆள், என் மனைவி.

பல்லாவரத்தில் சர்ச் கொயரில் முப்பது வருஷம் பாடியவள். அவளை ஏமாற்ற முடியாது. மெதுவான இரண்டாம் பகுதி பதினோரு நிமிடம். தினமும் சாயங்காலம் கண்ணை மூடிக் கேட்பாள்; எங்கே இழுக்கிறதோ அங்கே கையைத் தூக்குவாள். அந்த இடத்தை வெட்டுவேன். "எப்பதான் மனுஷங்க வாசிச்சு நான் கேக்கறது?" என்பாள். "அடுத்த மாசம்" என்பேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கணும்.

அப்புறம் அவளுக்குப் புற்றுநோய் வந்தது. மருந்து காதைப் பாதிக்கலாம் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். திரும்பும்போது ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில், ஆட்டோவில், "காது போறதுக்குள்ள முடிச்சுடுங்க" என்றாள், மளிகைச் சாமான் சொல்வதுபோல. பயத்தில் பேய் மாதிரி எழுதினேன். கூப்பிட்டு அவள் திரும்பாதபோதெல்லாம் மருந்துக் களைப்பு என்று நினைத்தேன். ஒருநாள் பதினோரு நிமிடமும் கை தூக்கவேயில்லை. ஜெயித்துவிட்டேன் என்று துள்ளினேன். வாசிக்கிற நாற்பது பேருக்கும் போன் போட்டு, சனிக்கிழமை சர்ச் ஹாலுக்கு வரச் சொன்னேன்.

வியாழக்கிழமை மாலை மறுபடி போட்டேன். பாதியில் கரண்ட் போனது. இன்வெர்ட்டரில் ஃபேனும் லைட்டும் மட்டும்தான்; கம்ப்யூட்டர் அணைந்து இசை நின்றுவிட்டது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. விரலால் தாளம் போட்டபடி தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

தோளைத் தொட்டேன். "முடிஞ்சுதா? நல்லா இருந்துதுங்க" என்றாள்.

ஒரு தாளில் 'எத்தனை நாளா?' என்று எழுதிக் காட்டினேன்.

"பதினஞ்சு நாளாச்சு. உதட்டைப் பாத்தே சமாளிச்சேன். நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க, அதைப் போய் எப்படிக் கெடுக்கறது?"

அழுதேன். அழுது என்ன பிரயோஜனம், தினமும் ஸ்க்ரீனைப் பார்த்ததில் பாதி அவள் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை நாற்பது பேரும் வந்துவிட்டார்கள். அவள் முன்வரிசையில், நல்ல புடவை கட்டி உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் அவரவர் வாத்தியத்தைத் தயாராக வைத்தபடி என்னைப் பார்த்தார்கள். ஆரம்பிக்கச் சைகை காட்ட எனக்குக் கை எழும்பவே இல்லை. கர்த்தரே, ஒரு மாசம் முன்னாடி, ஒரே ஒரு மாசம்.

தன் குரல் தனக்கே கேட்காததால், ஹால் முழுக்க எதிரொலிக்கும்படி அவள் சொன்னாள்: "ஆரம்பிங்க, நேரமாவுது."