எண்ணிக்கைக்கு வந்த பிள்ளைகள்

ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசிய பச்சைக் கசப்பு வாடை வகுப்பில் அடித்தால், மறுநாள் "இன்ஸ்பெக்சன்" என்று அர்த்தம். எண்பதுகளின் தொடக்கத்தில், தருமபுரியில் அரசு உதவி பெறும் ஒரு நடுநிலைப்பள்ளியில் நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் பிள்ளைகள் குறைவு. அதிகாரி தலைகளை எண்ணும்போது கணக்கு இடித்தால் ஒரு வாத்தியார் வேலை போய்விடும் என்று ஊரே பேசிக்கொண்டது.

எங்கள் தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்க வரும் சரசு என் வயதுக்காரி. அவளுடைய அம்மா ஊருக்கு வெளியே கல் உடைத்தாள். மொரப்பூர் பக்கம் ஐந்தாவது முடித்திருந்த மகளைச் சேர்க்க ஜூன் மாதமே அவள் வந்து கேட்டபோது, "டி.சி. இல்லாம சேக்க முடியாதும்மா, எடமும் இல்ல" என்று தலைமையாசிரியர் முகம்பாராமல் திருப்பியனுப்பியதை நான் அருகில் நின்று பார்த்தேன்.

அதே மனிதர்தான் இன்ஸ்பெக்சனுக்கு முந்திய நாள் கல் உடைக்கும் இடத்துக்கு ஆளனுப்பினார். மறுநாள் காலை, எண்ணெய் வழிய இரட்டைச் சடை பின்னிக்கொண்டு, இனி தினமும் வரப்போகிறோம் என்ற பூரிப்போடு சரசுவும் இன்னும் சில பிள்ளைகளும் எங்கள் பெஞ்சுகளில் வந்து உட்கார்ந்தார்கள். அதிகாரி வாசிக்கச் சொன்னபோது எங்களில் பாதிப்பேர் திக்கினோம். அவள் மட்டும் மடமடவென்று வாசித்தாள். "சபாஷ்" என்றார் அவர். தலைமையாசிரியருக்கு வாயெல்லாம் பல்.

அடுத்த நாளும் அவள் பைக்கட்டோடு வந்தாள். "அதான் நேத்தே முடிஞ்சி போச்சில்ல, வூட்டுக்குப் போ" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே வகுப்பாசிரியர் அவள் பெயரை வாசித்து, யாரும் பதில் சொல்லாமலேயே வருகைக்குறி போட்டார்.

"சார், அவ வெளிய நிக்கிறா சார்" என்று நான் எழுந்து சொன்னேன். என் விரல் முட்டிகளில் பிரம்பு விழுந்தது.

மாலையில் சரசுவின் அம்மா புடவையெல்லாம் கல்தூசியோடு வந்து, முற்றத்தில் நின்று உரக்கக் கேட்டாள்: "ஏனுங்க, எண்ணிக்கைக்கு ஆவுற புள்ள, படிக்கறதுக்கு ஆவாதுங்களா?" தலைமையாசிரியர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். வருடம் முடியும்வரை பதிவேட்டில் சரசு ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. வெயிலில் அவள் அம்மாவோடு ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ எதுக்கு வாய வுட்ட? நாளைக்கு உன்னையும் வெளிய அனுப்பிட்டா?" என்று அப்பா திட்டினார். அதற்குப் பிறகு நானும் பேசவில்லை. எட்டாம் வகுப்பில், அந்தத் தலைமையாசிரியர் ஓய்வுபெற்ற விழாவில், ஏழைகளின் கல்விக் கண் திறந்தவர் என்று எழுதிக்கொடுத்த வாழ்த்துமடலை மேடையில் வாசித்தவள் நான்தான்.

இன்று அந்தப் பள்ளி இருந்த இடத்தில் கடைகள். கல் உடைத்த பள்ளத்தைத் தூர்த்து மனை போட்டு விற்றுவிட்டார்கள். சரசு எங்கே போனாள் என்று விசாரிக்க அங்கே ஆளில்லை. அந்தத் தலைமையாசிரியர்மேல் எனக்குள்ள கோபம் இத்தனை வருடத்தில் ஓரளவு ஆறிவிட்டது. அன்று கைதட்டல் வாங்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கிய அந்தப் பெண்ணின்மேல் உள்ளதுதான் ஆறவில்லை.