உறைக்குள் பதினொரு மாத்திரைகள்

1974 மார்ச் 4, திங்கட்கிழமை. காலை ஐந்து ஐம்பதுக்கு எழுந்தேன். பல் தேய்த்து, மாதா படத்துக்கு முன்னால் ஜெபம் சொல்லிவிட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் முந்தின நாளுக்கான கோட்டைப் போட்டேன். அது முந்நூற்றுப் பத்தாவது கோடு. அம்மா அந்தப் படத்துக்குப் பின்னால் கையை விட்டு ஒரு தகர டப்பாவை எடுத்தாள். மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்து, தினமும் சொல்வதையே சொன்னாள்.

“முழுங்குளா. இதுதான் உனக்கு உயிரு.”

நான் தண்ணீரை மட்டும் குடித்தேன். மாத்திரை மூடிய கைக்குள்ளேயே இருந்தது.

அப்போது எனக்கு வயது பத்து. ஏழு வயதில் வலிப்பு வரத் தொடங்கியது. அப்பா கப்பலில் வேலை பார்த்தார். வருடத்துக்கு ஒருமுறை வருவார். ஆகவே அம்மாவும், தோணியை ஓட்டும் தண்டலாக இருந்த அம்மாவின் தம்பி, என் மாமாவும்தான் என்னைத் திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் காட்டிவந்தார்கள். தெருவில் கேட்டால் நாசரேத்துக்கு உறவு பார்க்கப் போவதாகச் சொல்வோம். மாத்திரையால் என் ஈறு தடித்தபோது அம்மா எல்லோரிடமும் எனக்குப் பல் முளைப்பதாகச் சொன்னாள். பத்து வயதுப் பிள்ளைக்கு ஓயாமல் பல் முளைப்பதை யாரும் சந்தேகிக்கவில்லை. பள்ளிக்கூடத்திலும் சொல்லவில்லை. நான் வெளியே சொன்னால் நாக்கைச் சுட்டுவிடுவதாக அம்மா சொல்லியிருந்தாள்.

ஒரு வருடம் வலிப்பு வராமலிருந்தால் என்னைத் தோணியில் ஏற்றி, பாய் விரித்து, ஒரு நாள் முழுக்கக் கடலில் கூட்டிப்போவதாக மாமா வாக்குக் கொடுத்திருந்தார். கோடுகள் அதற்காகத்தான். இன்னும் ஐம்பத்தைந்து பாக்கி.

அதற்கு முந்தின புதன்கிழமை விபூதிப் புதன். தவக்காலம் தொடங்கியது. அதற்கு முந்தின நாளே வகுப்பில் சிஸ்டர் ஆளுக்கொரு காகித உறை கொடுத்தார். நமக்கு எது மிகவும் வேண்டியதோ அதை ஆண்டவருக்காக விட்டுவிட வேண்டும், அதில் மிஞ்சியதை உறையில் போட்டுத் திங்கள்தோறும் கொண்டுவர வேண்டும் என்றார். பக்கத்தில் இருந்தவள் மக்ரூன் தின்பதை விடப்போவதாகச் சொன்னாள். எனக்கு மக்ரூன் கிடைப்பதே மாதத்துக்கு ஒருமுறை. அதை விடுவதில் பெருமை ஒன்றுமில்லை. எனக்கு மிகவும் வேண்டியது எது என்று யோசித்தேன். வீட்டில் தினமும் இரண்டு வேளை சொல்லித்தந்த பதில் தயாராக இருந்தது. வகுப்பிலேயே பெரிய தியாகம் என்னுடையதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புதன் முதல் ஐந்து நாளுக்குப் பத்து, திங்கள் காலைக்கு ஒன்று, பதினொன்று.

முதல் பாடவேளையில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். உறையோடு எழுந்து சிஸ்டரின் மேசையை நோக்கி நடந்தேன். மேசையின் மூலை வரை நினைவிருக்கிறது. அதற்கப்புறம் அரைமணி நேரம் என்னிடம் இல்லை. பிறர் சொல்லித்தான் தெரியும். விழுந்து உதறிக்கொண்டேனாம். வாசல் காவல்காரர் ஓடிவந்து பள்ளிக்கூடத்துச் சாவிக்கொத்தை என் கையில் திணித்தாராம். இரண்டு நிமிடத்தில் தானாக நின்ற வலிப்புக்கான பெருமை சாவிக்குப் போய்ச் சேர்ந்தது.

கண் விழித்தபோது நாக்கு வலித்தது. நாற்பது பிள்ளைகள் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வந்திருந்தாள். சிஸ்டர் உறையை அவளிடம் நீட்டினார்.

“பதினொண்ணு இருக்கும்மா. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

அம்மா உறையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பதினொன்றரை மணி பஸ்ஸில் அம்மாவும் மாமாவும் நானும் திருநெல்வேலிக்குப் போனோம். ஏன் இப்படிச் செய்தாய் என்று அம்மா கேட்டாள்.

“நீதானம்மா சொன்ன, அதுதான் எனக்கு உயிருன்னு.”

அம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டரிடம் மாமாதான் வாதாடினார். முந்நூற்றுப் பத்து நாள் வரவில்லையே, அப்படியென்றால் குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம் என்றார். வரவில்லை என்பது வேறு, வரவிடாமல் மாத்திரை பிடித்துவைத்திருந்தது என்பது வேறு என்றார் டாக்டர். மூளையில் கோடிக்கணக்கான அணுக்கள் தனித்தனியாக வேலை பார்க்கின்றன. வலிப்பில் ஒரு மூலையில் சில அணுக்கள் விடாமல் துடிக்க, மற்றவையும் அதோடு சேர்ந்து ஒரே நேரத்தில் துடிக்கின்றன என்று விளக்கினார்.

தோணியில் கயிறு இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுக்குத் தாவினார் மாமா. “ஒருத்தன் அம்பா பாடினா எல்லாவனும் சேந்து கயித்த இழுப்பானே, அப்படியா?”

“அதேதான். தோணியில அது வேணும். தலைக்குள்ள கூடாது.”

“அப்போ மாத்திரை அம்பா பாடுதவன் வாயைப் பொத்துதாக்கும்.”

“பொத்தாது. பொத்தினா இவ எப்படிப் படிப்பா, பேசுவா? ஒரு தரம் குரல் கொடுத்தவன் உடனே அடுத்த குரல் கொடுக்க முடியாம மூச்சு வாங்க வைக்கும். அவ்வளவுதான். இழுக்கதுக்கு ஆள் சேராது.”

“எங்க ஆளுவளுக்கு மட்டும் அதக் குடுத்துராதீய. பாய் ஏறாது,” என்றார் மாமா. டாக்டர் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, சிரிப்பில்லாமல், மாத்திரையைத் திடீரென்று விட்டால் சும்மா இருந்ததையும் கிளப்பிவிடும், நிறுத்தும் காலம் வந்தால் தானே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதாகச் சொன்னார்.

நரம்பணுவின் சுவரில் சோடியம் நுழையும் சிறு வாசல்கள் உண்டு என்றும், திறந்து மூடிய வாசல் மறுபடி திறக்கும் நேரத்தை அந்த மாத்திரை தள்ளிப்போடுகிறது என்றும் பின்னாளில் படித்தேன். நிதானமாகத் திறக்கும் வாசலை அது அதிகம் தொந்தரவு செய்வதில்லை. அடித்துப்பிடித்துத் திறப்பதைத்தான் தடுக்கிறது. மாமாவின் அம்பாவில் திருத்த வேண்டியது அதிகமில்லை.

திரும்பும் பஸ்ஸில் நான் அழுதேன். முந்நூற்றுப் பத்து கோடும் வீண். அம்மாவும் அழுதாள். அவளும் கோடுகளுக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து, “மறுபடி போட்டுரலாம்மா,” என்று தேற்றினேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஐந்து ஐம்பதுக்கு நான் எழுந்தபோது அம்மா மாதா படத்துக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்து, தெருப்பக்கச் சன்னலில், எல்லோர் கண்ணிலும் படும்படி, ஒரு தம்ளரோடு வைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்க் குடத்தோடு போன பக்கத்து வீட்டுக்காரி நின்று, அது என்ன டப்பா என்று கேட்டாள்.

“எம் மவளுக்கு வலிப்பு வரும். அதுக்கு மாத்திரை,” என்றாள் அம்மா. மூன்று வீட்டுக்குக் கேட்கும் குரலில் சொன்னாள்.

பக்கத்து வீட்டுக்காரிக்குக் காது மந்தம் போலும் என்று நினைத்துக்கொண்டேன். மாத்திரையை விழுங்கினேன். வாயைத் திறந்து காட்டினேன். பிறகு நோட்டில் புதுப் பக்கம் திருப்பினேன்.